கல்யாணக் காசும் பி.எஃப். காசும்

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளுக்கு 2000களில் வேலைக்குப் போன பெண்களுக்கு 'சுமங்கலித் திட்டம்' புதிய சொல் அல்ல. கல்யாணமாகாத பெண் மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை பார்க்க வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். வரதட்சணை ஆலைக்குள் நுழைந்த கதையாகவே நாம் இதை எழுதி வந்திருக்கிறோம். அது உண்மை, ஆனால் பாதி. நான் இதைச் சமூகப் பாதுகாப்பின் போலியாக வாசிக்கிறேன்.

பி.எஃப். காசும் கூலியில் பிடிப்பதுதான். ஆனால் தொழிலாளி போடும் பங்குக்குச் சமமாக முதலாளியும் போட வேண்டும். மில் மாறினாலும் கணக்கு கூடவே வரும். பாதியில் நின்றாலும் காசு அவளுடையது. கல்யாணக் காசில் முதலாளி போட்டது என்று எதுவும் கிடையாது. மாதாமாதம் குறைத்துக் கொடுத்த அவளுடைய கூலிதான் கடைசியில் பரிசு மாதிரி திரும்பி வந்தது. முப்பதாவது மாதம் உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பியவளுக்குப் பல ஆலைகளில் அதுவும் இல்லை. (விதவைக்கும் கணவனை விட்டு வந்தவளுக்கும் அந்தப் பெயரிலேயே இடமில்லை என்பதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?)

இதற்குச் சட்டத்திலேயே வழி இருந்தது. 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின்படியோ ஆலையின் நிலையாணைகளின்படியோ சேர்க்கப்பட்டவரை 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டம் ஊழியராகக் கணக்கில் எடுக்கவில்லை. நைட் ஷிஃப்டில் தனியாக மெஷின் பார்ப்பவளும் ஏட்டில் 'அப்ரண்டிஸ்'. அறுந்த இழையைச் சேர்க்கக் கற்றுக்கொள்ள மூன்று வருடமா?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி வழியாக வேலை பார்ப்பவர்களையும் வீட்டிலிருந்தே கூலிவேலை செய்பவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வரவேற்கலாம். ஆனால் 'ஊழியர்' என்பதன் வரையறையில், 1961 சட்டத்துப் பயிற்சியாளரை வெளியே நிறுத்தும் வரி அப்படியே இருக்கிறது. 2019இல் ஐ.எல்.ஓ. நிறைவேற்றிய 190ஆவது உடன்படிக்கை, வேலையிடத்து வன்முறைக்கு எதிரான பாதுகாப்பில் அப்ரண்டிஸையும் சேர்க்கிறது. இந்தியா அதற்கு ஒப்புதல் தரவில்லை.

அன்று மூன்று வருடம் முடித்தவர்கள் இன்று முப்பதுகளில், நாற்பதுகளில் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மில் வேனில் ஏறி மறுபடி அதே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். அப்ரண்டிஸாக ஓட்டிய அந்த மூன்று வருடம் அதில் சேராது.