மந்தாரக்குப்பம் கடையில் ரவிவர்மா

தி சென்னை சில்க்ஸ் நெய்வித்த 'விவாஹ பட்டு' 2008இல் ஏறத்தாழ 39 லட்சம் ரூபாய்க்கு விலைபோய், உலகிலேயே விலை உயர்ந்த பட்டுச்சேலை என்று கின்னஸில் இடம்பிடித்தது. அதில் ரவிவர்மாவின் 11 ஓவியங்கள் நெய்யப்பட்டிருந்தன. இன்று நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்துக் கடைகளில் அதே ஓவியப் பெண்கள் டிஜிட்டல் பிரிண்ட் சேலைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறார்கள். வசதி படைத்தவர்களுக்காகப் பிறந்த வடிவம் சாதாரணக் கடைக்கு இறங்குவதை வெறும் காப்பி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ரவிவர்மாவே 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தம் ஓவியங்களை எளியவர் வீட்டுச் சுவருக்கு அனுப்பிவைத்தவர்தானே.

சுரங்க நகரமான நெய்வேலியில், வடிவம் இப்படி இறங்கி வருவதன் மதிப்பு இன்னும் கூடுதல். எந்த வட்டம், எந்த வகைக் குவார்ட்டர்ஸ் என்று சொன்ன மாத்திரத்தில் குடும்பத்தின் படிநிலை தெரிந்துவிடும் ஊர் இது. சுரங்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று உழைப்பவர்களில் ஒருவர் நிரந்தரம், இன்னொருவர் ஒப்பந்தம். கல்யாண மண்டபத்தில் மட்டும் அந்த இடைவெளி கொஞ்சம் மங்குகிறது. அரக்கு உடலில் பச்சைக் கரை, வைரஊசிக் கோடு, அகலமான பார்டர் என்று காஞ்சிபுரத்து நேர்த்தி ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கும் கைக்கு எட்டுகிறது. இதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். நன்றாக உடுத்த ஆசைப்படுவதை வீண் பகட்டு என்று ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால், இறங்கி வரும் வடிவத்தோடு வேலையும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். தறியில் நெசவாளிக்குத் துணையாக இன்னொரு ஆளும் வேண்டும். சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் அதே தோற்றத்தைச் செயற்கை நூலிலும் செயற்கைச் சரிகையிலும் விசைத்தறி வெகுவிரைவில் நெய்து முடிக்கிறது. இளம்பிள்ளைத் தொழிலாளியும் பிழைப்புக்காகத்தான் உழைக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சேலை எங்கோ ஒரு கடையில் காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரில் கைமாறுகிறதே, அதுதான் தவறு. புவிசார் குறியீடு, சில்க் மார்க், கைத்தறி முத்திரை எல்லாம் இருந்தும், சின்ன ஊர்க் கடைகளில் அவற்றைக் கேட்டு வாங்கும் பழக்கம் பரவவில்லை. ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் பட்டு முடி கருகும் வாடை அடிக்கும். பாலியஸ்டர் உருகி உருண்டை பிடிக்கும். வாங்குகிறவர் நெருப்புக்குச்சியோடு போய்த்தான் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அநியாயம். சித்திரை வெயிலில் அந்தச் சேலையோடு புழுங்கப்போவது அவர்தான்.

சட்டமும் பெரிய நிறுவனங்களுக்கே கைகொடுக்கிறது. பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உருவாக்கினால் அதன் பதிப்புரிமை போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. வக்கீல் வைத்துக்கொள்ளும் நிறுவனம் பதிவு செய்துகொள்ளும். புதுப் புட்டாவை யோசித்த நெசவாளி என்ன செய்வார்?

வடிவத்தோடு வேலையும் இறங்கி வந்ததற்கு ஆரி ஒர்க் பிளவுஸ் நல்ல சான்று. 2022 ஜூனில் மாமல்லபுரத்தில் நடந்த தம் கல்யாணத்தில் நடிகை நயன்தாரா உடுத்திய சிவப்புச் சேலையில் ஹொய்சாளக் கோயில் வேலைப்பாட்டை 'ஜேட்' வடிவமைப்பாளர்கள் எம்பிராய்டரியாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஆரி அதற்கு முன்பே பரவிவிட்டது. இத்தகைய கல்யாணங்கள் அந்த ஆசையை இன்னும் வளர்த்தன. இன்று நெய்வேலி மாதிரியான ஊர்களிலும் வீட்டு அறையில் சட்டம் போட்டுத் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் பெண்கள் இருக்கிறார்கள். ஜர்தோசி, பாசி, குந்தன் கல் எல்லாம் அவர்கள் விரல் வழியே துணியில் ஏறுகின்றன. எங்கோ பிறந்த மோஸ்தர், வெளியே வேலைக்குப் போக முடியாத ஒரு பெண்ணுக்குச் சொந்த வருமானம் ஆகியிருக்கிறது. இதிலும் குறை உண்டு. பயிற்சி வகுப்புகள் பெருகப் பெருகக் கூலி இறங்குகிறது. கண்ணும் முதுகும் நோகின்றன. நாள்கணக்கில் தைத்த பிளவுஸ் ஓரிரு முறைதான் வெளியே வருகிறது. இருந்தும், அச்சடித்த ரவிவர்மாவை விட இந்தப் பிளவுஸை நான் உயர்வாகவே வைப்பேன். அதற்கான காசில் ஒரு பகுதியாவது ஊருக்குள்ளேயே தங்குகிறது.

வடலூரைத் தாண்டினால் கைத்தறிக் கைலிக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடி. கைலி விஷயத்தில் வடிவம் எதிர்த்திசையில், கீழிருந்து மேலே போயிருக்கிறது. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் 'மெட்ராஸ்' கட்டத்துணியைக் கொண்டாடினார்கள். சாயம் ஓடுவதையே சிறப்பாகச் சொல்லி அதை விற்றார்கள். 2018இல் ஸாரா 69.99 பவுண்டுக்கு விற்ற கட்டம் போட்ட பாவாடையைப் பார்த்த நம்மவர்கள் லுங்கி என்றே அடையாளம் கண்டார்கள். உழைப்பாளியின் இடுப்புத் துணி உயர்விலைப் பொருளாகலாம். அதில் கைத்தறிக்காரருக்குப் பங்கு வருவதில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய வகைகளில் லுங்கியும் ஒன்று என்பது அவருக்கு என்ன ஆறுதல்?

இதற்கு ஒரு வழி உண்டு. நெய்வேலிச் சுரங்கங்களை நடத்தும் என்எல்சி நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கைக் குறிஞ்சிப்பாடிக்கு ஒதுக்கலாம். தேர்ந்த வடிவமைப்பாளர் ஒருவர் தறிப்பக்கம் உட்கார்ந்து, கைலிக் கட்டங்களிலிருந்து சட்டைக்கும் குர்த்திக்கும் புது வடிவங்கள் உருவாக்கட்டும். அவற்றை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். பத்து ஆண்டு உரிமை கிடைக்கும். மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கவும் முடியும்.