கோட்டுவாத்தியத்தின் குரல்

ஒரு வாத்தியத்தைப் புகழ வேண்டுமென்றால் நம் சங்கீத ரசிகர்களுக்குத் தெரிந்த வாக்கியம் ஒன்றுதான்: “அப்படியே பாடுகிற மாதிரி இருக்கிறது!” கோட்டுவாத்தியத்துக்கு இந்தப் புகழ் தாராளமாகவே கிடைத்து வந்திருக்கிறது. கிடைக்காதது கற்றுக்கொள்ள ஆள். புகழ்ந்தவர்கள் தங்கள் குழந்தைகளை வீணைக்கும் வயலினுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

பார்வைக்கு அது வீணைதான். வீணையில் 24 மெட்டுகள் இருந்து ஸ்வர ஸ்தானத்தைக் காட்டிக் கொடுக்கின்றன. இதில் மெட்டே கிடையாது. வலது கை மீட்ட, இடது கை ஒரு கருங்காலிக் கட்டையைத் தந்தியின் மேல் நகர்த்துகிறது. மயிரிழை பிசகினால் அபஸ்வரம், ஒளிந்துகொள்ள இடமில்லை.

இதைக் கச்சேரி மேடையில் பிரபலமாக்கியவர் திருவிடைமருதூர் ஸகாராம ராவ். செம்மங்குடி ஸ்ரீநிவாசய்யர் இளம் வயதில் அவரிடம் சங்கீதம் பயின்றவர். வாத்தியக்காரரிடம் பாடகர் பயின்றார் என்றால், வாத்தியம் குரலின் நிழல் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. பின்னால் நாராயணய்யங்கார் (1903–1959) அதைப் பெரும் புகழுக்குக் கொண்டுவந்தார். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கலாக்ஷேத்திரத்தில் போதித்தார்.

குரலால் ஆகாத காரியம் ஒன்று இதற்கு உண்டு. பாடகர் மூச்சை ஊட்டி நாதத்தை வளர்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு மீட்டில் பிறந்த நாதம் பிறந்த கணமே தேயத் தொடங்குகிறது. தேய்ந்து முடிவதற்குள் அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போய்ச் சேர வேண்டும். அந்தத் தவிப்புத்தான் இதன் அழகு. ஆகவே, வீணையோடு போட்டியிட்டுத் துரித காலத்தில் ஸ்வரங்களைக் கொட்டும் வித்வான்கள் இந்த வாத்தியத்துக்கு உபகாரம் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். விளம்ப காலத்தில் ஒரு சஹானாவை வாசிக்கட்டும். அப்போது தெரியும் இதன் யோக்கியதை.

வியட்நாமில் டான் பாவ் என்று ஒன்று இருக்கிறது. ஒரே தந்தி, அதன் முனையில் வளைந்து கொடுக்கும் ஒரு கொம்பு. கொம்பை வளைத்தே ஸ்வரத்தை ஏற்றி இறக்குகிறார்கள். இளம்பெண்கள் அதைக் கேட்கக் கூடாதென்று ஒரு பழைய எச்சரிக்கைகூட அங்கே உண்டு! அதுவும் மெல்லிய குரல்தான். ஆயினும் ஹனாய் சங்கீதக் கலாசாலையில் இன்றும் அதைச் சொல்லித் தருகிறார்கள். அதைத் தங்கள் நாட்டின் அடையாளமாகவே போற்றுகிறார்கள்.

எங்கள் திருவண்ணாமலையில் தீபத் திருவிழாவின்போது 11 நிலை ராஜகோபுரத்தின் கீழ் நாகஸ்வரமும் தவிலும் முழங்கினால் மாட வீதியே கேட்கும். அங்கே கோட்டுவாத்தியத்துக்கு வேலை இல்லை. அதற்கு வேண்டியது ஒரு சின்ன அறை. பேசாமல் இருக்கத் தெரிந்த இருபது பேர். மைக் வைத்தால் நாதம் பெரிதாகும். கட்டை உரசும் சத்தமும் கூடவே பெரிதாகும். நாம் அடக்கமாகக் கேட்கப் பழகினாலொழிய இந்த வாத்தியம் பிழைக்காது. “பாடுகிற மாதிரி” என்று சொல்லிப் பாராட்டுவதை நிறுத்துவதே அதற்கு முதல் படி.