தூண்டிலுக்கு எந்தத் தண்ணீர்?

காவிரிக் கரையில் பீமேஸ்வரி, தொட்டமாக்கலி, கலிபோரே என்று மூன்று தூண்டில் முகாம்களைக் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பல ஆண்டுகள் நடத்தியது. வெளிநாட்டவரும் பெருநகரத்தாரும் பணம் கட்டி வந்து மஹசீர் மீனைப் பிடித்தார்கள். எடை பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, மீனை மறுபடி ஆற்றிலேயே விட்டார்கள். 1946இல் கபினியில் வான் இஞ்சன் பிடித்த 120 பவுண்டு மீனின் புகழ் அவர்களை இழுத்துவந்தது. காவிரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் தூண்டிலும் வேட்டைதான் என்ற நிலைப்பாடு வந்து, 2012வாக்கில் முகாம்களில் மீன்பிடிப்பு நின்றுபோனது.

கிராமத்து ஆறுகளைத் தூண்டில் சுற்றுலாவுக்குத் திறக்கலாமா என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் கிடைக்கும் முழுமையான அனுபவம் இதுதான். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் மழையை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு இன்னொரு வருமானம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனாலேயே இந்த அனுபவத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஆற்றில் தோட்டா போடுவதையும் நஞ்சு கலப்பதையும் இந்திய மீன்வளச் சட்டம் 1897லேயே தடுத்துவிட்டது. ஆனால் ராத்திரியில் கரையில் நின்று பார்க்க ஆள் இல்லாத சட்டத்தால் மீனுக்கு ஒரு பயனும் இல்லை. முகாம்கள் அந்த ஆளைத் தந்தன. முன்பு தோட்டா போட்டவர்கள் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்கு வந்தார்கள். பிடித்து விற்ற மீனுக்கு ஒருமுறைதான் காசு; உயிரோடு விட்ட மீனோ அடுத்த வாரமும் ஒரு விருந்தாளியைக் கூட்டி வந்தது. இந்தக் கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. கலிபோரே முகாமில் பிடித்த மீன்களைப் பற்றி எழுதிவைத்த பதிவேடுகள் இன்னொரு வரவு. 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் எடுத்து அலசினார்கள்.

அந்தப் பதிவேடுகளே முகாம்களின் பெருங்குறையையும் காட்டிக்கொடுத்தன. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, இருக்குமிடம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் இடத்தை நீலத்துடுப்பு மஹசீர் பிடித்திருந்தது. இது கிருஷ்ணா வடிநிலத்து மீன். மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் குஞ்சு பொரித்து, மீன் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தில் காவிரியில் விடப்பட்டது. தூண்டிலில் மீன் நிறையச் சிக்கியதால் ஆறு நலமாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். கூன்முதுகு மஹசீரின் அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி என்று உறுதியானதே 2018இல்தான். அதற்குள் அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. இன்று அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று மோயாறு. விளையாட்டுக்காக மீன் வளர்க்கிறவர்கள் எத்தனை மீன், எவ்வளவு எடை என்று பார்க்கிறார்கள். எந்த மீன் என்று கேட்பதில்லை. நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதும் இதே மனப்போக்கில்தான்.

தடை வந்ததும் காவல் போனது, திருட்டு மீன்பிடிப்பு திரும்பியது என்பது தூண்டில் ஆர்வலர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் விருந்தாளி வராத நாளில் ஆற்றுக்குக் காவலும் இல்லை என்றாகும் ஏற்பாட்டை எப்படி நிலையானது என்பது?

இனி நம் மலைக்கு வருவோம். அய்யனார் கோவில் ஆறும் செண்பகத்தோப்பு ஓடைகளும் பாயும் மேற்குமலைக் காடு, சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988இல் அறிவிக்கப்பட்டு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. சட்டப்படி அங்கே தூண்டிலுக்கு வழியில்லை. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் என் முடிவு அதுதான். பீமேஸ்வரியில் ஓடுவது பேராறு. நம்முடையவையோ ஐப்பசி, கார்த்திகையில் பொங்கிப் பாய்ந்து, பங்குனி, சித்திரையில் பாறைக் கசங்களாகச் சுருங்கும் ஓடைகள். ஓடை முழுக்க இருந்த மீன் அப்போது அந்த நாலைந்து கசங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் உயிர்வளி குறைவு. முள்ளில் மாட்டிப் போராடிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் அது மூச்சு மீள்வது கடினம். பிடித்தவர் போன பிறகு செத்து மிதக்கும். தவிர, அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக இராஜபாளையம் நகரத்தின் குடிநீராகிறது. அங்கே கூட்டம் சேர்க்கும் எந்த யோசனையும் வேண்டாம். காட்டை அறிந்த பளியர் இளைஞர்களுக்கு மலையோடையைக் காக்கும் வேலையை நிரந்தரச் சம்பளத்தோடு அரசே தரட்டும். அதற்குத் தூண்டில் தேவையில்லை.

தூண்டிலுக்கான இடம் கீழே, பிளவக்கல் அணைகளிலும் கண்மாய்களிலும் இருக்கிறது. 2025இல் ஓர் இளைஞரின் இன்ஸ்டாகிராம் காணொளிகளால் பிளவக்கல் அணைக்குப் பக்கத்திலுள்ள கூமாபட்டி ஒரே மாதத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆசையோடு வந்தவர்களில் பலர் அணையில் இறங்க அனுமதி இல்லாமல் ஏமாந்து திரும்பினார்கள். இந்த ஊர்களுக்கு ஆள் வருவார்கள் என்பது அதில் உறுதியானது. வருகிறவர்களை ஏற்க எந்த ஏற்பாடும் இல்லை என்பதும் தெரிந்துபோனது.

கண்மாயில் ஒரு சிக்கல் உண்டு. மீன்பாசி ஏலம் எடுத்த குத்தகைதாரர் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு, தண்ணீர் வற்றும்போது வலைபோட்டு அள்ளுகிறார். அவர் போட்ட முதலுக்குள் வெளியூர்க்காரர் தூண்டிலோடு வந்து நிற்க முடியாது. ஆகவே குத்தகையே உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ மகளிர் குழுவிடமோ இருக்க வேண்டும். தூண்டில் சீட்டுப் பணம் அவர்கள் கணக்கில் சேர வேண்டும். காவிரி முகாம்களில் வழிகாட்டிக்குக் கூலி கிடைத்தது, ஆற்றின் மீது உரிமை கிடைக்கவில்லை. அந்தக் குறையை இங்கே முதலிலேயே தீர்த்துவிடலாம். பிடித்து விடுவது என்ற விதியையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஜிலேபிக் கெண்டையும், வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சிக்கினால் தண்ணீரில் திரும்ப விடவே கூடாது. விராலும் நாட்டுக் கெளுத்தியும் சிக்கினால் விட்டே ஆக வேண்டும். கொண்டை இல்லாத முள், இனமும் எடையும் குறிக்கும் நோட்டு, வெளியிலிருந்து புது இன மீன் எதையும் கொண்டுவந்து விடுவதில்லை என்ற உறுதி ஆகியவை சேர்ந்தால் இதைப் பொறுப்பான சுற்றுலா என்று நான் ஏற்பேன்.

தண்ணீர் இறங்கும் மாதங்களில் சீட்டு நிற்க வேண்டும். எந்த மட்டத்தில் நிறுத்துவது என்பதைச் சுற்றுலாத் துறை முடிவு செய்யக் கூடாது. கண்மாயின் தண்ணீர்க் கணக்கு தெரிந்த ஆயக்கட்டு விவசாயிகளும் நீர்ப்பாய்ச்சியும் மடைக்கல்லைப் பார்த்துச் சொல்லட்டும்.