கையெழுத்து ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது

11 மாதக் கைக்குழந்தையாக ஐவரி சோப்பு விளம்பரத்தில் தோன்றியவர் அமெரிக்க நடிகை புரூக் ஷீல்ட்ஸ். நியூயார்க்கில் 1965-இல் பிறந்த அவருக்குத் தாய் டெரியே மேலாளர். லூயி மால் இயக்கிய ‘பிரிட்டி பேபி’ 1978-இல் வெளிவந்தபோது ஷீல்ட்ஸுக்கு வயது 12. பாலியல் தொழில் விடுதியில் வளரும் சிறுமியின் வேடம். 1980-இல் ‘த புளூ லகூன்’. அதே ஆண்டு வந்த கால்வின் கிளைன் ஜீன்ஸ் விளம்பரங்கள் சிலவற்றை ஒளிபரப்பத் தொலைக்காட்சி நிலையங்கள் மறுத்தன. இதைப் படிப்படியான ஏற்றமாக வாசிப்பது வழக்கம். எனக்கு அது உணர்த்துவது வேறு: குழந்தைக் கலைஞரின் சம்பளத்தைக் காப்பது மட்டும் போதாது, தன் உருவத்தின் மீதான உரிமையும் வயது வந்ததும் அவர் கைக்கு வரவேண்டும்.

இதற்கு வலுவான சான்று ஒரு வழக்கு. ஷீல்ட்ஸின் 10 வயதில் கேரி கிராஸ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்களுக்கு, எந்த வரம்பும் விதிக்காத சம்மதப் பத்திரத்தில் டெரி கையெழுத்திட்டிருந்தார். வளர்ந்த மகள் அவற்றின் பயன்பாட்டைத் தடுக்க வழக்குத் தொடுத்தார். மைனர் செய்த ஒப்பந்தத்தை மேஜரானதும் மறுக்கலாம் என்பது பொதுச் சட்ட மரபு. ஆனால் 1983-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெற்றோரின் சம்மதம் மகளைக் கட்டுப்படுத்தும் என்று 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

சம்மதம் பின்னாளில் செல்லாது என்றால் குழந்தைகளை வைத்துப் படமெடுக்க யார் துணிவார்கள் என்று கேட்கலாம். தொழிலுக்கு உறுதி தேவை என்பதை அந்தத் தீர்ப்பும் கருத்தில் கொண்டது. ஆனால் நான் கேட்பது இவ்வளவே: ஈட்டிய வருமானத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். புதிய விற்பனையை நிறுத்தினால் போதும். அதனால் எந்தத் தொழிலும் படுத்துவிடாது. ஷீல்ட்ஸ் நன்றாகத்தானே இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். பிரின்ஸ்டனில் பிரெஞ்சு இலக்கியம் படித்து 1987-இல் பட்டம் பெற்றார்; தன்னைச் சிறுமியாக இயக்கிய லூயி மாலின் படங்களையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரில் வந்த ஒரு கௌரவ வேடம், ‘சடன்லி சூசன்’ (1996–2000) நகைச்சுவைத் தொடருக்கு வழி திறந்தது. 2024-இல் மேடை நடிகர்களின் தொழிற்சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டிக்குத் தலைவரானார். ஆனால் இதெல்லாம் அவர் உழைத்துப் பெற்றது. ஒருவர் தேறி வந்தார் என்பதற்காகச் சட்டம் அவருக்குச் செய்தது நியாயமாகிவிடாது. படிக்கவும் ஒதுங்கி நிற்கவும் வாய்ப்பில்லாத குழந்தைகளே இந்தத் தொழிலில் அதிகம்.

கலிஃபோர்னியா 1939-இலேயே, குழந்தை நட்சத்திரமாக இருந்த ஜாக்கி கூகனின் பெயரால் குழந்தை நடிகர்களின் சம்பாத்தியத்துக்குக் காப்புச் சட்டம் கொண்டுவந்தது. நியூயார்க்கில் குழந்தை மாடல்களுக்கு வேலைநேரம், படிப்பு, சேமிப்பு சார்ந்த பாதுகாப்பு 2013-இல்தான் முழுமையாகக் கிடைத்தது. மிச்சமிருப்பது உருவம். பெற்றோர் கொடுத்த சம்மதம் குழந்தையின் 18 வயதுவரை மட்டுமே செல்லவேண்டும்; அதன்பிறகு படத்தில் இருப்பவரே கையெழுத்துப் போடட்டும், மனமில்லையென்றால் மறுக்கட்டும்.