கிளேமோரின் தொலைபேசி

கடலடித் தங்கம் என்றாலே நம்மில் பலருக்கும் ஆர்ட்டிக்லியோ என்ற இத்தாலிய மீட்புக் கப்பல்தான். மூழ்கிய 'எகிப்து' கப்பலின் தங்கத்தை எடுக்க அந்த இத்தாலியர்கள் செய்ததற்கு நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். கூண்டில் ஆளை இறக்கி, அவர் சொல்லச் சொல்ல மேலிருந்து கிராப் என்ற அள்ளுவாளியை இயக்குவது அவர்கள் போட்ட பாதை. ஆனாலும் என் மனம் போய் நிற்பது 1941-இல், நியூசிலாந்தின் வாங்கரே கடலில், கிளேமோர் என்ற மீட்புக் கப்பலின் மேல்தளத்தில்தான். போர்க்காலத்தில் நல்ல கப்பலுக்கு எங்கே போவது? மீட்புப் பணியை நடத்திய கேப்டன் வில்லியம்ஸுக்கு வாய்த்தது ஆக்லாந்தில் கழித்துக்கட்டிய கிழட்டு நீராவிக் கப்பல்.

1940 ஜூன் 19-இல் ஜெர்மன் கப்பல் ஓரியன் விதைத்துப் போன கண்ணிவெடியில் மூழ்கிய நயாகரா கப்பல், 438 அடியில் 590 தங்கக் கட்டிகளோடு கிடந்தது. சுற்றிலும் கண்ணிகள். அவற்றில் ஒன்று கிளேமோரின் கயிற்றிலேயே வந்து சிக்க, அதை விடுவிக்க நீரில் இறங்கியவர் மூழ்காளர் ஜான் ஜான்ஸ்டோன்.

அவர் துணிச்சலை எல்லாரும் பாடுகிறார்கள். எனக்கு அவர் குரல்தான் பெரிது. கூண்டின் சிறு சாளரத்தில் முகம் பதித்து, தொலைபேசியில் இடது, வலது, இறக்கு, நிறுத்து, மூடு. மேலே கப்பல் அலையில் ஏறி இறங்க, கீழே கிராப்பும் கூடவே ஆடும். கண்ணால் பார்த்த பிறகு "மூடு" என்றால் பிந்திவிடும். அடுத்த அலையைக் கணித்து ஒரு நொடி முன்னமே சொல்லியாக வேண்டும். நயாகராவின் தங்கப் பெட்டகத்தைத் திறக்க வைத்த வெடியிலும் அதே நிதானம். கொஞ்சம் கூடினாலும் பெட்டிகள் சேற்றில் சிதறியிருக்கும்.

சிறுவயதில் மாமா என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போவார். கிரேன்காரருக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. விளிம்பில் நிற்பவரின் விரல் மடங்கியதும் நிலக்கரி கிராப் வாய் மூடும், ஒரு கைப்பிடி சிந்தாது. அந்த விரலைப் பார்த்தவனுக்குத்தான் ஜான்ஸ்டோனின் குரல் கேட்கும். இன்று ரோபோவை இறக்கி, விளக்குப் போட்டு, பத்துத் திரையில் பார்க்கிறார்கள். படம் துல்லியம்தான். ஆனால் காதை நம்பிக் கை வேலை செய்த அந்த ஜோடிப் பொருத்தம் போய்விட்டது. அதைப் பற்றி எழுதுபவர்களும் இல்லை.

அக்டோபர் 13-இல் முதல் பெட்டி மேலே வந்தது, உள்ளே இரண்டு கட்டிகள். டிசம்பருக்குள் 555. மிச்சத்தில் முப்பதை 1953-இல் வேறொரு குழு நவீனக் கருவிகளோடு வந்து எடுத்தது. அதையே சாதனை என்பவர்கள் உண்டு. பெட்டகம் ஏற்கெனவே திறந்து கிடந்ததே!