எண்பதாம் ஆண்டு அணிக்கு ஒரு நாற்காலி

சிங்கப்பூர்க் காற்பந்து மரபைப் பற்றி எழுதித் தரும்படி நம் சங்க மலர்க்குழு கேட்டது. செயலாளர் அண்ணன் சொல்லி மறுக்க முடியுமா? பயிற்சியாளர் அங்கிள் சூ யார், கல்லாங் அரங்கில் ரசிகர்கள் எழுப்பிய கல்லாங் முழக்கம் எது என்று நம் உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த விருந்தில் பேச்செடுத்தாலும் இரண்டு ஆண்டுகள்தான் மேசைக்கு வரும். 1977இல் அங்கிள் சூ என்ற சூ செங் குவீயின் அணி மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் பினாங்கை 3-2 என வென்றது. குவா கிம் சோங்கின் ஓட்டம், ராஜகோபாலின் வளைந்து போகும் உதை எல்லாம் பெரியவர்களுக்கு மனப்பாடம். அந்த வெற்றியைப் பற்றி 2008இல் திரைப்படமே வந்துவிட்டது. 1994 இறுதியாட்டத்தில் அப்பாஸ் சாத் மூன்று கோல் போட, பாகாங் 4-0 எனச் சுருண்டது. இரண்டுக்கும் நடுவில் 1980 எங்கே போயிற்று?

கணக்கைப் பாருங்கள். 1975 முதல் 1981 வரை விடாமல் ஏழு முறை மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போனோம். அதில் ஆறு முறை எதிரே நின்றது சிலாங்கூர். அந்த அணியில் மொக்தார் டஹாரியும் ஆறுமுகமும் கொடிகட்டிப் பறந்த காலம். ஐந்து முறை தோற்றோம். 1980இல் மட்டும், அதுவும் கோலாலம்பூரிலேயே, 2-1 என வென்றோம். இளம் பயிற்சியாளர் ஜீத்தா சிங், தலைவர் சமத் அல்லாப்பிச்சை, வெற்றி கோல் பதின்ம வயது ஃபாண்டி அகமதுடையது. 1977 பன்னிரண்டு ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்தது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்று எதிரே நின்றது பினாங்கு, நம்மைத் தோற்கடித்த சிலாங்கூர் அல்ல. தோற்கடித்தவனையே வெல்வதுதான் பெரிய வெற்றி. இதைச் சொன்னால் சில மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள், மன்னிக்க வேண்டும்.

இந்த அளவுகோல் என்னுடையதல்ல, ஃபேரர் பார்க் திடலில் எங்களை ஆட்டிவைத்த மாஸ்டருடையது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த மண் அது. சூ பள்ளியில் கட்டொழுங்கு முதற்பாடம் என்றால், எங்கள் பள்ளியில் முதல் தொடுகை. வருகிற பந்தை நிறுத்தக் கூடாது, அடுத்த அடிக்கு வசதியான பக்கம் தட்டி வாங்க வேண்டும். இடது கால் பழகும்வரை வலது காலால் உதைத்தவன் திடலைச் சுற்றி ஓடுவான். தன்னைத் தோற்கடித்தவனிடமே திரும்பிப் போய் ஜெயித்தால்தான் மாஸ்டருக்கு அது வெற்றி. மற்ற ஆட்டங்களை “நல்ல பொழுதுபோக்கு” என்று முடித்துவிடுவார்.

இன்றைய பயிற்சியாளர்களில் திறமைசாலிகள் உண்டு. யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. ஆனாலும் சனிக்கிழமை மாலை திடல் பக்கம் போனால் வயிறு எரிகிறது. மாதக் கட்டணம் வாங்கும் வகுப்பில் பத்து வயதுப் பையன் இடது காலை ஊன்றுவதற்கு மட்டுமே வைத்திருக்கிறான். காலணி மட்டும் பச்சை, மஞ்சள், ஊதா! பந்து காலைவிட்டு மூன்று முழம் ஓடுகிறது, அப்பா கைப்பேசியில் படம் எடுக்கிறார், பயிற்சியாளர் “சூப்பர்” என்கிறார். எதற்குச் சூப்பர்? சட்டையை உள்ளே செருகச் சொல்ல ஆளில்லை. சிதறிய கூம்புகளைப் பையன்கள் பொறுக்குவதில்லை, பணிப்பெண் பொறுக்குகிறாள். தண்ணீர்ப் போத்தலைக்கூட அவளே திறந்து நீட்டுகிறாள். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குக் கை கொடுக்காமல் காருக்கு ஓடுகிறார்கள். மாஸ்டர் இருந்திருந்தால் அந்தக் காரையும் திடலைச் சுற்றி ஓட வைத்திருப்பார்.

தலைப்பைவிட்டு எங்கோ போய்விட்டேன், மலர்க்குழு பொறுத்துக்கொள்ளட்டும். கேட்பது ஒன்றுதான். நம் சங்க விருந்துக்கு 1977 ஆட்டக்காரர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு 1980 அணியையும் அழையுங்கள். இரண்டிலும் தலைவராக நின்ற சமத் அண்ணனுக்கு இரண்டு பொன்னாடை போட வேண்டிவரும். அந்தச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.