வல்லாரையிடம் எதைக் கேட்கலாம்?

தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒருவருக்கு மறதி கூடினால் வீட்டுக்காரர் முதலில் தேடுவது வல்லாரையை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அதே இலை, 'அறளை பேந்திட்டுது' என்று சொல்லப்படுகிற அப்புவுக்கும் அதே இலை. மருதனார்மடம் சந்தையில் பிடி பிடியாகக் கட்டி வைத்திருப்பார்கள். மண் போகக் கழுவி, நூலாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, இலை கறுக்கும் முன் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தால் சம்பல் தயார்.

உணவாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மலிவு, பச்சை இலை, சோற்றின் அளவைச் சற்றுக் குறைக்கவும் செய்யும். சிக்கல் அதன்மேல் ஏற்றப்படும் வாக்குறுதியில்தான். வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைட் போன்ற பொருட்கள் ஆய்வுகூட எலிகளில் நல்ல பலன் காட்டியிருக்கின்றன. மனிதர்களிடம் செய்த 11 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடோ, அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. உற்சாகமும் விழிப்பும் மட்டும் சற்றுக் கூடியதாகச் சொன்னது. சம்பல் பயனற்றது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அல்சைமரைத் தடுக்கும் என்று சொல்லவும் முடியாது. இதே நம்பிக்கையுடன் அமெரிக்காவில் கிங்கோ இலைச் சாற்றை 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் ஏறத்தாழ ஆறு வருடம் சோதித்தார்கள். 2008இல் வந்த முடிவு: மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

இலை போத்தலுக்குள் போகும்போது கணக்கு மாறிவிடுகிறது. வல்லாரைக் குளிசை எடுத்த மூன்று பெண்களின் ஈரல் பாதிக்கப்பட்டதை ஆர்ஜென்டினா மருத்துவர்கள் 2005இல் பதிவுசெய்தார்கள். அதற்கு முந்தைய வருடம் வெளியான ஆய்வில், பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. இதைச் சொல்வதால் நான் சித்த வைத்தியத்தை இகழ்வதாக எண்ண வேண்டாம். பரராசசேகரம் போன்ற வைத்திய நூல்கள் பிறந்த மண் இது. கைதடியில் பல்கலைக்கழகமே சித்த மருத்துவம் கற்பிக்கிறது. அந்த மரபின் பலம், நாடி பிடித்து, ஆளைப் பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைக்கும் வைத்தியரிடம் இருக்கிறது. விளம்பரம் பார்த்து வாங்கும் போத்தலுக்குப் பின்னால் அப்படி ஒருவரும் இல்லை.

வல்லாரையைவிட எனக்குக் கவலை தருவது, அதைத் தின்றுவிட்டோம் என்ற திருப்தியில் கைவிடப்படுகிறவை. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணிகளை அடுக்கி, அவை எல்லாவற்றையும் நீக்கினால் உலகில் ஏறத்தாழ 45 வீதமான மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. காது கேளாமைக்கு 7 வீதம், கெட்ட கொலஸ்ட்ரோலுக்கு 7, தனிமைக்கு 5. சீனி வருத்தம், பிரசர், புகைத்தல், பார்வைக் குறைவு எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் 'இங்கிலீசு மருந்து உடம்புக்குச் சூடு' என்று பிரசர் குளிசையை இடையில் நிறுத்திவிட்டு வல்லாரையைக் கூட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பிரசரின் மேல் அளவை 120க்குக் கீழே இறுக்கிப் பிடித்தால் இலேசான நினைவுக் குறைபாடு குறைகிறது என்று 2019இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. முழுமையான மறதிநோய் விடயத்தில் அது உறுதியாக எதையும் நிறுவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தச் சான்றின் பக்கத்தில்கூட வல்லாரை வராது. (வல்லாரை வளரும் யாழ்ப்பாணத் தோட்டங்களில்தான் புகையிலையும் வளர்கிறது. அதையும் இயற்கை என்றுதான் சொல்ல வேண்டும்.)

இயற்கை வழி என்று ஒன்றை இந்த ஊரில் காட்டச் சொன்னால் நான் புராணபடனத்தைக் காட்டுவேன். கோயிலில் ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிக்க, இன்னொருவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்வார். சுற்றியிருப்பவர்கள் பிழை வந்தால் திருத்துவார்கள். நடந்தோ சயிக்கிளிலோ போய்ச் சேரவேண்டும், பாட்டை நினைவில் நிறுத்தவேண்டும், நாலு பேரோடு தர்க்கிக்கவும் வேண்டும். பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரையான 1,260 பேரை எடுத்து, உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்தநாளக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்த ஃபிங்கர் ஆய்வு, 2015இல் சிந்தனைத் திறனில் மிதமான நன்மையைக் காட்டியது. புராணபடனத்தை யாரும் இப்படிச் சோதித்ததில்லை. வாசிப்பவரும் பயன் சொல்பவரும் பெரும்பாலும் ஆண்கள்தான் என்பது அதன் பெரிய குறை. 1990இல் போரால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது கோயிலும் அயலும் பிரிந்து போயின. இராணுவம் வைத்திருந்த காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டபின் திரும்பி வந்தவர்களில் பலருக்கு, முன்பு பக்கத்து வளவில் இருந்தவர் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார்.

லான்செட் சொன்ன 45 வீதம் என்பது முழுச் சனத்தொகைக்கான கணக்கு என்பதும் மறந்துபோகிறது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த ஒருவருக்கும் அல்சைமர் வரலாம். வயதையும் பரம்பரையையும் எந்தக் கீரையும் மாற்றாது. 'வல்லாரை சாப்பிடாததால்தான் அம்மாவுக்கு இப்படி' என்று மகளைக் குற்றம் சொல்லும் உறவினர், ஆதாரமில்லாத பாரத்தை அவள் தலையில் ஏற்றுகிறார்.

அந்தப் பட்டியலில் உள்ள காது விடயத்தில் அலட்சியம் இன்னும் மோசம். பயன் சொல்வது கேட்காததால் பின்வரிசைக்குப் போகும் பெரியவர், கொஞ்ச நாளில் கோயிலுக்கே வருவதில்லை. வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் கூடுகிறது, பேச்சு குறைகிறது. அதை 'வயசு' என்று விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பொதியில் ஞாபகசக்திக் குளிசைப் போத்தல்கள் வருகின்றன. அந்தப் போத்தல்களுக்கு வருடக்கணக்கில் செலவாகும் காசைச் சேர்த்தால், காதைப் பரிசோதித்து ஒரு கேட்கும் கருவி வாங்கப் பெரும்பங்கு தேறும்.